நோயுற்ற நாயும் நம் கடமையும்

வீட்டு நாயொன்று கடும் நோயுற்றுக் கிடக்கிறது. கால்நடை மருத்துவர் அதைப் பரிசோதித்து, இரத்தச் சோதனையின் முடிவுகளையும் பார்த்துவிட்டு, “இனி நீங்கள்தாம் முடிவு செய்ய வேண்டும்” என்று கூறுகிறார். அதைக் கேட்ட குடும்பத்தினர் திகைத்து நிற்கின்றனர். ஊசி மருந்தால் நோயாளியின் உயிரை முடிக்கும் அதிகாரம் மனிதர் விஷயத்தில் நம் நாட்டில் எவருக்கும் இல்லை. வாயற்ற பிராணியின் விஷயத்திலோ, அந்த அதிகாரம் முன்னறிவிப்பின்றி ஒரு சாதாரணக் குடும்பத்தின் கையில் வைக்கப்படுகிறது. அதனைப் பயன்படுத்துவது பாவமோ என்ற அச்சம் ஒரு புறம். பயன்படுத்தாதிருப்பது கொடுமையோ என்ற ஐயம் மறு புறம்.

இச்செயலுக்குத் தமிழில் வழங்கும் பெயர் ‘கருணைக் கொலை’ என்பதாகும். ஒன்றையொன்று விலக்கி நிற்கும் இரு சொற்கள் இப்பெயரில் கூடியுள்ளன. எந்நிலையில் அது கருணை, எந்நிலையில் அது வெறுங்கொலை என்பதே இங்கு ஆராய வேண்டிய கேள்வி. நான் கால்நடை மருத்துவன் அல்லேன். உடலியல் ஆய்வுக்கூடமொன்றில் பல ஆண்டுகள் பணியாற்றியவன். பதின்மூன்று ஆண்டுகள் ஒரு நாயை வளர்த்தவன். இம்முடிவை எடுக்க வேண்டிய நிலை வந்தபோது அதை உரிய காலத்தில் எடுக்கத் தவறியவன். அந்தத் தவறே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

என் கருத்து இதுதான்: இம்முடிவை நம் துயரத்தைக் கொண்டும் எடுக்கலாகாது, நம் வசதியைக் கொண்டும் எடுக்கலாகாது. நோய் இன்னதென்று முதலில் அறிய வேண்டும். பின்னர், நாயின் அன்றாட நிலையை நோக்கி, அளந்து, எழுதி வைத்து, அந்தக் குறிப்பின் அடிப்படையில் முடிவு செய்ய வேண்டும். அவ்வாறு செய்வோர், மிக முந்திச் செய்யும் பிழையினின்றும் மிகப் பிந்திச் செய்யும் பிழையினின்றும் பெரும்பாலும் தப்புவர்.

முந்திச் செய்யும் பிழை

பார்வைக்குக் கொடியதாகத் தோன்றும் நோய்கள் யாவும் தீராத நோய்கள் அல்ல. சில எடுத்துக்காட்டுகளைக் காண்போம்.

நம் நாட்டு நாய்களிடையே பரவலாகக் காணப்படும் புற்றுநோய் ஒன்று உண்டு. இணைசேரும்போது ஒரு நாயின் புற்று உயிரணுக்களே மற்றொரு நாயின் உடலில் சென்று ஒட்டி வளர்வதால் உண்டாகும் விந்தையான கட்டி அது. பிறப்புறுப்பில் சதை பிதுங்கி இரத்தம் சொட்டச் சொட்ட நிற்கும் நாயைக் காண்போர், “இதை முடித்துவிடுவதே நல்லது” என்று எளிதில் சொல்லிவிடுவர். ஆனால், நம் தோட்டங்களில் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து பெறப்படும் வின்கிரிஸ்டின் என்னும் மருந்தை வாரம் ஒரு முறை இரத்தக்குழாயில் செலுத்தி வந்தால், பெரும்பாலான நாய்களில் அக்கட்டி சில வாரங்களிலேயே முற்றிலும் மறைந்துவிடுகிறது. புற்றுநோய் என்ற பெயரைக் கேட்ட அளவிலேயே நம்பிக்கை இழப்பது எவ்வளவு தவறு என்பதை இது காட்டும்.

முதிய நாய்களுக்கு வரும் மற்றொரு கோளாறும் அத்தகையதே. நேற்று வரை நன்றாக நடந்த நாய் இன்று காலையில் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு, கண்மணிகள் இடமும் வலமுமாகத் துடிக்க, எழுந்தவுடன் விழுகிறது, வாந்தி எடுக்கிறது. பக்கவாதம் வந்துவிட்டது, முடிவு நெருங்கிவிட்டது என்று வீட்டார் கலங்குகின்றனர். உட்செவியில் உடலின் சமநிலையைக் காக்கும் உறுப்பு தற்காலிகமாகப் பழுதுபடுவதே பல சமயங்களில் இதற்குக் காரணம். சில நாட்களில் தேறத் தொடங்கி, இரண்டு மூன்று வாரங்களில் அந்நாய் மீண்டும் நடமாடும். தலைச் சாய்வு மட்டும் சிறிது எஞ்சலாம். முதல் நாளிலேயே ஊசி போட்டுவிட்டால், தானே தேறியிருக்கும் ஓர் உயிரைப் போக்கியவர்கள் ஆவோம்.

உண்ணிகளால் பரவும் காய்ச்சலில் நாய் இரத்தம் குன்றி, ஈறுகள் வெளுத்து, எழ இயலாமல் கிடக்கும். எர்லிச்சியா என்னும் நுண்ணுயிரால் வந்த காய்ச்சலாயின், டாக்சிசைக்ளின் மருந்தால் பல நாய்கள் சில நாட்களிலேயே தலை நிமிர்கின்றன. 1978ஆம் ஆண்டில் உலகெங்கும் தலைகாட்டிய பார்வோ வைரஸ் நோயில், குட்டிகள் இரத்தமாகக் கழிந்து துவண்டுபோகும். சிகிச்சையின்றி விட்டால் பெரும்பாலானவை மாளும். நரம்பு வழியாக நீர் ஏற்றிக் காத்தால் பெரும்பாலானவை பிழைக்கும். இந்நோய்கள் அனைத்திலும் நாயின் தோற்றம் ஒன்று சொல்கிறது. ஆய்வுக்கூடம் வேறொன்று சொல்கிறது. ஆகவே, நோய் இன்னதென்று அறியாமல் செய்யப்படும் கருணைக் கொலையில் கருணை என்ற சொல்லுக்கு இடமில்லை.

நோயே காரணமாகாத வேண்டுகோள்களும் கால்நடை மருத்துவரிடம் வருவதுண்டு. வேற்றூருக்கு மாற்றலாகிவிட்டது, நாய் கிழடாகி வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழிக்கிறது, பார்வை மங்கிவிட்டது, குரைப்பு அண்டை வீட்டாருக்குத் தொந்தரவாக இருக்கிறது. இவை நம் துன்பங்கள்; நாயின் துன்பங்கள் அல்ல. குருட்டு நாய் மோப்பத்தைக் கொண்டு வீட்டில் வழி கண்டு நன்றாகவே வாழும். இத்தகைய வேண்டுகோள்களை மருத்துவர் மறுப்பதே அவர் தொழிலுக்கு அழகு.

பிந்திச் செய்யும் பிழை

இனி, இதற்கு மாறான பிழையைக் காண்போம். அன்புள்ள குடும்பங்களில் மிகுதியாக நேர்வது இதுவே.

“அதற்கு வலி இருப்பதாகத் தெரியவில்லை, அமைதியாகத்தான் படுத்திருக்கிறது” என்று பலரும் கூறக் கேட்கிறோம். வலியை உணரும் நரம்பு முனைகள், அச்செய்தியை மூளைக்குக் கொண்டு செல்லும் தண்டுவடப் பாதைகள் ஆகியவற்றின் அமைப்பில் நாய்க்கும் மனிதனுக்கும் அடிப்படை வேற்றுமை இல்லை. நம் வலியைத் தணிக்கும் மருந்து வகைகள் பலவும் நாயின் வலியையும் தணிக்கின்றன. வலி பற்றிய ஆராய்ச்சிக்கான சர்வதேசச் சங்கம் 2020ஆம் ஆண்டில் வலிக்குரிய வரையறையைத் திருத்தி அமைத்தபோது, சொல்லால் வெளியிட இயலாமை வலி இல்லாமைக்குச் சான்றாகாது என்பதை மனிதருக்கும் பிற விலங்குகளுக்கும் பொதுவாகவே குறித்தது. நாள்பட்ட வலியுள்ள நாய் ஊளையிடுவது அரிது. அது ஒடுங்கிவிடும். விளையாட்டை விடும், படியேறத் தயங்கும், ஒரே இடத்தை நக்கிக்கொண்டிருக்கும், படுத்த இடத்தில் நிலைகொள்ளாது மாறி மாறிப் படுக்கும், ஓய்ந்திருக்கையிலும் இளைக்கும், தொட்டால் முகம் திருப்பும். நாம் அமைதி என்று எண்ணுவது பல சமயங்களில் ஒடுக்கமே.

சிறுநீரக நோயை எடுத்துக்கொள்வோம். சிறுநீரகங்களின் செயல்திறனில் ஏறத்தாழ முக்கால் பங்கு அழிந்த பின்னரே இரத்தத்தில் கிரியேட்டினின் என்னும் கழிவுப்பொருளின் அளவு தெளிவாக உயரத் தொடங்குகிறது. எனவே, நோய் வெளிப்படும்போதே அது முதிர்ந்திருக்கும். 100 மில்லிலிட்டர் இரத்தநீரில் 1.4 மில்லிகிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டிய அப்பொருள், நாள்பட்ட நோயில் 5 மில்லிகிராமைக் கடக்குமாயின் அதை நான்காம் நிலை, அதாவது கடைசி நிலை என்று மருத்துவர் கணிப்பர். கழிவுகள் இரத்தத்தில் தேங்குவதால் ஓயாத குமட்டல் உண்டாகிறது. வாயில் புண்கள் தோன்றுகின்றன. மூச்சில் நாற்றம் வீசுகிறது. உணவைக் கண்டால் நாய் தலையைத் திருப்பிக்கொள்கிறது. முடிவில் வலிப்பு வரலாம். இதயம் தளர்ந்த நாயின் முடிவு இன்னும் கொடிது. நுரையீரலில் நீர் தேங்கி, நிலத்திலேயே நீரில் மூழ்குவதுபோல அது மூச்சுக்குத் திணறும்.

“இயற்கையாகப் போகட்டும்” என்பது நம்மிடையே பெரிதும் மதிக்கப்படும் சொல். ஆனால், நம் வீட்டு நாய் இயற்கையின் போக்கில் வாழ்ந்ததன்று. தடுப்பூசி போட்டோம், உணவு கொடுத்தோம், நோய் கண்டபோது நரம்பில் நீர் ஏற்றினோம். காட்டில் ஓரிரு நாட்களில் முடிந்திருக்கக்கூடிய துன்பத்தை வாரக்கணக்கில் நீட்டியது நம் தலையீடே. ஆண்டுகள் பல தலையிட்டுவிட்டுக் கடைசி வாரத்தில் மட்டும் இயற்கையின் பின்னே ஒளிந்துகொள்வது நேர்மையாகாது.

இவ்விரு பிழைகளுக்கும் நடுவே ஒரு வழி உண்டு என்பதையும் மறக்கலாகாது. நோயைத் தீர்க்கும் மருந்து இல்லை என்றால் மருத்துவமே இல்லை என்று பொருளன்று. வலி தணிக்கும் மருந்து, வாந்தியை நிறுத்தும் மருந்து, தோலுக்கடியில் செலுத்தும் நீர், மெத்தென்ற படுக்கை ஆகியவற்றைக் கொண்டு, தீராத நோயுள்ள நாய்க்கும் சில வாரங்களையோ மாதங்களையோ இனியனவாக ஆக்கலாம். மனிதர் உண்ணும் வலி மாத்திரைகளை மட்டும் மருத்துவரைக் கேளாமல் கொடுத்தலாகாது. ஐபுபுரூஃபன் போன்றவை நாயின் குடலைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

அளவிடும் முறை

அந்த இனிய காலம் எப்போது முடிகிறது என்பதை அறிவது எங்ஙனம்? அமெரிக்க நாட்டில் விலங்குகளின் புற்றுநோய்க்கு மருத்துவம் செய்யும் ஆலிஸ் வில்லலோபோஸ் என்னும் மருத்துவர் 2004ஆம் ஆண்டில் ஓர் அளவுகோலை வெளியிட்டார். வலி, பசி, உடலின் நீர்நிலை, உடல் தூய்மை, மகிழ்ச்சி, நடமாட்டம், தீய நாட்களைவிட நல்ல நாட்கள் மிகுந்திருத்தல் ஆகிய ஏழு கூறுகளுக்கும் தனித்தனியே 0 முதல் 10 வரை மதிப்பெண் இடவேண்டும். வலிக் கூற்றில் வலி நன்கு அடங்கியிருந்தால் மதிப்பெண் மிகும். மொத்தம் 70இல் 35க்கு மேல் இருப்பின், நாயின் வாழ்வு ஏற்கத்தக்க நிலையில் உள்ளதெனக் கொள்ளலாம். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் உருவான வலி அளவுகோலொன்றும் கால்நடை மருத்துவமனைகளில் வழக்கில் உள்ளது.

இத்தகைய எண்கள் தராசின் எடையைப் போலத் துல்லியமானவை அல்ல. அன்புள்ளவர் கூடுதலாகவும், சலிப்புற்றவர் குறைவாகவும் மதிப்பெண் இடக்கூடும். எனினும் அவை பெரும் பயன் விளைப்பவை. நாள்தோறும் பார்ப்பவர் கண்ணுக்குச் சிறுகச் சிறுக நேரும் சரிவு புலப்படுவதில்லை. எழுதி வைத்த குறிப்பு அதைப் புலப்படுத்திவிடும். நாய்க்கு மிகவும் பிடித்த நான்கைந்து செயல்களை வீட்டார் ஒன்றுகூடி எழுதிக்கொள்ளலாம்: வாயிலில் வந்து வரவேற்பது, மாலையில் உலாவப் போவது, குறிப்பிட்ட ஒருவர் மடியில் தலை வைப்பது, சோற்றுத் தட்டின் ஓசைக்கு ஓடி வருவது என்பன போல. பின்னர், நாள்தோறும் படுக்கப் போகுமுன், நாட்காட்டியில் நல்ல நாளுக்கு ஒரு வட்டமும் தீய நாளுக்கு ஒரு பெருக்கல் குறியும் இடலாம். அந்தத் தாளை மருத்துவரிடம் காட்டி, “இன்னும் எத்தனை நாள் உயிரோடு இருக்கும்?” என்று கேட்பதைவிட, “இன்னும் இரண்டு வாரத்தில் இதன் நாட்கள் எப்படி இருக்கும்?” என்று கேட்பது மேல். முதற்கேள்விக்கு எந்த மருத்துவராலும் உறுதியாக விடை கூற இயலாது. இரண்டாம் கேள்விக்குப் பெரும்பாலும் கூற இயலும்.

எங்கள் வீட்டில் நேர்ந்தது

எங்கள் நாயின் பெயர் மணி. தெருவில் பிறந்த நாட்டு நாய். பதின்மூன்றாம் வயதில் அது வழக்கத்துக்கு மீறித் தண்ணீர் குடிக்கத் தொடங்கியது, பின்னர் மெலிந்தது. சோதனையில் கிரியேட்டினின் 8.6 மில்லிகிராம் எனத் தெரிந்தது. ஐந்து நாட்கள் நீர் ஏற்றியதில் 6.9 ஆகக் குறைந்தது, நாங்கள் மகிழ்ந்தோம். அடுத்த வாரம் அது 10.4 ஆக ஏறியது.

மருத்துவர் சொற்படி என் மனைவி சமையலறை நாட்காட்டியில் குறியிட்டு வந்தாள். முதல் வாரத்தில் ஐந்து வட்டங்கள். இரண்டாம் வாரத்தில் இரண்டு வட்டங்கள். அதன் பின் வட்டமே இல்லை. பதினைந்தாம் நாள் அத்தாளைப் பார்த்த மருத்துவர், “இனி தாமதிக்க வேண்டாம்” என்று தெளிவாகவே கூறினார். வெளியூர்க் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த எங்கள் மகனுக்குத் தேர்வு முடிய ஒன்பது நாட்கள் இருந்தன. அவன் வந்து ஒருமுறை பார்த்துவிடட்டும் என்று நான் சொன்னேன். அவனை நாங்கள் கேட்கவில்லை. தேர்வு நேரத்தில் மனம் கலங்குவானே என்று அவனிடம் எதையும் சொல்லவுமில்லை.

அந்நாட்களில் மணி எதையும் உண்ணவில்லை. வாயில் இருந்த புண்களால் தண்ணீர் குடிப்பதும் அதற்குத் துன்பமாயிற்று. குளியலறையின் குளிர்ந்த தரையிலேயே கிடந்தது. ஆயினும், சிறுநீர் வரும்போதெல்லாம் வீட்டை அசுத்தப்படுத்தக் கூடாதென்ற பழைய பழக்கத்தால், முன்னங்கால்களை ஊன்றி எழ முயன்று விழுந்தது. எட்டாம் நாள் இரவு வலிப்பு வந்தது. விடியும் வரை நான்கு முறை வந்தது. அந்த நேரத்தில் எந்த மருத்துவரும் கிடைக்கவில்லை. காலையில் மருத்துவர் வந்து ஊசி போட்டார். மகன் மறுநாள் நண்பகலில் வந்து சேர்ந்தான். நடந்ததைக் கேட்டவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “எனக்காகவா வைத்திருந்தீர்கள், அப்பா? என்னைக் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேனே” என்றான்.

அந்த நாட்காட்டித் தாள் இன்றும் என்னிடம் உள்ளது. பதினைந்தாம் நாளுக்குப் பின் வரும் பெருக்கல் குறிகள் ஒவ்வொன்றும் மணியின் பொருட்டு வாழப்பட்ட நாட்கள் அல்ல. எங்கள் பொருட்டு வாழப்பட்டவை. அளவிட்டோம், அளவு காட்டியதை ஏற்கத் துணியவில்லை. முடிவைத் தள்ளிப்போட்டதாக எண்ணியிருந்தோம். உண்மையில், இன்னும் எட்டு நாட்கள் அது துன்புறட்டும் என்று முடிவு செய்திருந்தோம்.

அகிம்சை குறித்த ஐயம்

கொல்லாமையை முதல் அறமாகப் போற்றும் நாட்டில் இப்படி எழுதுவது தகுமா என்று வாசகர் கேட்கலாம். இக்கேள்வி புதியதன்று. 1928ஆம் ஆண்டில் சபர்மதி ஆசிரமத்தில் கன்று ஒன்று ஊனமுற்று, எழ இயலாமல், பெருந்துன்பத்துக்கு உள்ளாகிக் கிடந்தது. பிழைக்காது என்று மருத்துவர் கைவிட்டார். காந்தியடிகள் ஆசிரமத்தாரோடு கலந்து பேசினார். எதிர்ப்புக் கூறியவரும் அவர்களுள் இருந்தனர். முடிவில், அடிகளின் முன்னிலையிலேயே மருத்துவர் ஊசி மருந்தால் அக்கன்றின் உயிரை முடித்தார். அடிகள் இதை மறைக்கவில்லை. தம் பத்திரிகையில் தாமே எழுதினார். கண்டனக் கடிதங்கள் வந்து குவிந்தன.

அவர் கூறிய விடையின் சாரம் இது: உயிரைப் போக்காதிருப்பது மட்டுமே அகிம்சை ஆகாது, சினத்தாலோ தன்னலத்தாலோ ஓர் உயிருக்குத் தீங்கு செய்வதே இம்சை. எவ்வுயிரின் துன்பம் நீங்க அச்செயல் செய்யப்படுகிறதோ, அவ்வுயிரின் நன்மையே நோக்கமாக இருக்க வேண்டும். பயிரை அழிக்கும் குரங்குகளைக் கொல்லலாமா என்ற கேள்வியையும் அவர் அதே கட்டுரையில் எழுப்பி, அது நம் நலனுக்காகச் செய்வதாகையால் கன்றின் நிலைக்கு ஒப்பாகாது என்று பிரித்துக் காட்டினார். அடிகள் வகுத்த இந்த வேறுபாடே நம் கேள்விக்கும் உரைகல். யாருடைய துன்பத்தை முடிக்கிறோம், நாயினுடையதையா, நம்முடையதையா? அதே உரைகல்லில் தாமதத்தையும் உரைத்துப் பார்க்க வேண்டும். யாருக்காகத் தாமதிக்கிறோம்?

முற்பிறவி வினையை அப்பிராணி அனுபவித்துத் தீர்க்க வேண்டும் என்று கருதுவோரும் உளர். அந்நம்பிக்கையைப் பற்றித் தீர்ப்புக் கூற விஞ்ஞானத்துக்கு வழியில்லை. ஆனால், அதே நம்பிக்கையுடையோர் நாயின் காலில் முள் தைத்தால் பிடுங்குகிறார்கள், புண்ணுக்கு மருந்திடுகிறார்கள். வினையின் பெயரால் அவற்றை அவர்கள் விடுவதில்லை. இறுதித் துன்பத்துக்கு மட்டும் வேறு நியாயம் ஏன் என்பதை அவர்கள் தங்கள் மனத்தையே கேட்டுப் பார்க்கலாம். மனமொப்பாதவரை எவரும் வற்புறுத்தலாகாது. அவர்கள் வலி தணிக்கும் மருந்தை இறுதி வரை குறைவறக் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள் என்பதை மட்டும் வற்புறுத்தலாம்.

மனிதருக்கு இதே நியாயம் பொருந்துமா என்பது தனிக்கேள்வி. 2018ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், மீள வழியற்ற நோயாளிக்கு உயிர் காக்கும் கருவிகளையும் சிகிச்சையையும் விலக்கிக்கொள்வதை வரையறைகளுடன் அனுமதித்தது. மருந்து செலுத்தி உயிரை முடிப்பதை அனுமதிக்கவில்லை. மனிதன் தன் விருப்பத்தைச் சொல்ல வல்லவன். நாளைய நலனுக்காக இன்றைய வலியைப் பொறுக்க வல்லவன். நாய்க்கு அதை விளக்கிச் சொல்ல நம்மால் இயலாது. அதற்குள்ளது இன்றைய நாள் ஒன்றே.

செலவும் சட்டமும்

பொருட்செலவைப் பற்றிப் பேசுவது பலருக்குக் கூச்சம் தருகிறது. ஆயினும் அது உண்மையான தடை. பெருநகரத்தில் கிடைக்கும் உயர்ந்த சிகிச்சை சிற்றூரில் வாழும் தொழிலாளிக்கு எட்டாது. அரசுக் கால்நடை மருத்துவமனைகளிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகளிலும் குறைந்த செலவில் பரிசோதனை பெறலாம். அதை முதலில் நாட வேண்டும். அதன் பின்னும் சிகிச்சைக்கு வழியின்றி, நாய் வலியால் வாடுமாயின், அதன் துன்பத்தை முறைப்படி முடிப்பதில் இழுக்கு ஒன்றுமில்லை. நோயுற்ற நாயை வண்டியில் ஏற்றி வேற்றிடத்தில் இறக்கிவிட்டு வருவதுதான் இழுக்கு. பசியாலும் தாகத்தாலும் வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவதை 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் தனியுறுப்பினர் மசோதாவாகக் கொண்டு வந்த முயற்சியின் பயனாகவே அச்சட்டம் பிறந்தது. ஸ்டிரிக்னின் என்னும் நஞ்சை இதயத்தில் குத்தி நாய்களைக் கொல்வதையும் அது பெயர் சொல்லித் தடுக்கிறது. உயிரோடு வைத்திருப்பதே கொடுமை என்னும் நிலையிலுள்ள பிராணியின் துன்பத்தை முடிப்பதற்கும் அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு வழி வகுக்கிறது.

தெரு நாய்களைப் பொறுத்தவரை, 2001ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டு 2023ஆம் ஆண்டில் புதுப்பிக்கப்பட்ட கருத்தடை விதிகள், தீராத நோயோ மரண காயமோ உற்ற நாய்களுக்கு மட்டுமே, உரிய பரிசோதனைக்குப் பின், தகுதி பெற்ற கால்நடை மருத்துவரால் வலியற்ற மரணத்தை அனுமதிக்கின்றன. ஒரு நாயின் முன்னிலையில் மற்றொரு நாய்க்கு அதைச் செய்யலாகாது என்பதும் விதி. அவ்விதியை எழுதியவர்கள் நாயின் அச்சத்தையும் ஒரு பொருட்டாக மதித்திருக்கின்றனர்.

இங்கு ஓர் எச்சரிக்கை. நோயுற்ற நாய் அண்மையில் யாரையேனும் கடித்திருந்தால், அதை மருத்துவரிடம் மறைக்காது சொல்ல வேண்டும். வெறிநோய் உண்டா என்று அறியப் பத்து நாட்கள் அந்நாயைப் பிரித்து வைத்துக் கவனிப்பது வழக்கம். அந்நாய் இறந்துபோனால் அதன் மூளையைச் சோதித்தே நோயை உறுதி செய்ய இயலும். கடிபட்டவர் மட்டும் அம்முடிவுகளுக்காகக் காத்திராமல், புண்ணைச் சோப்பிட்டு நீரால் கழுவி, உடனே தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

இறுதி நிமிடங்கள்

செய்யும் முறையை அறிந்திருப்பது அச்சத்தைக் குறைக்கும். முதலில் நாய் அமைதியுற ஒரு மருந்து கொடுக்கப்படுகிறது. அடுத்து, பென்டோபார்பிட்டால் என்னும் மயக்க மருந்து அளவுக்கு மிகுதியாக இரத்தக்குழாயில் செலுத்தப்படுகிறது. மூளையின் இயக்கத்தை அடக்கும் இயற்கைப் பொருளான காபாவின் செயலை அது பெருக்குகிறது. சில விநாடிகளில் உணர்வு நீங்குகிறது. பின்னர் மூச்சு நிற்கிறது. சில நிமிடங்களில் இதயமும் நிற்கிறது. உணர்வு முதலில் நீங்குகிறது என்பதே இதில் முதன்மையானது. கண்கள் திறந்தே இருக்கலாம்; மூச்சு வாங்குவதுபோல உடல் ஓரிரு முறை அசையலாம். அவை வலியின் அடையாளங்கள் அல்ல. இம்மருந்து கிடைக்காத இடங்களில் வேறு மயக்க மருந்தால் முழு மயக்கம் உண்டாக்கிய பின்னரே இதயத்தை நிறுத்தும் மருந்தைச் செலுத்தலாம். மயங்காத நாய்க்கு அதைச் செலுத்துவது கொடுமை. இதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை வீட்டாருக்கு உண்டு.

உடலை ஆழப் புதைக்கவோ எரிக்கவோ வேண்டும். மருந்து உடலில் தங்கிவிடுவதால், அதைத் தின்னும் கழுகு, பிணந்தின்னிக் கழுகு முதலியவை நஞ்சுண்டு மடியக்கூடும். மாடுகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபினாக் மருந்தால் நம் பிணந்தின்னிக் கழுகுகள் பேரளவில் அழிந்ததும், 2006ஆம் ஆண்டில் கால்நடைகளுக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டதும் நாம் அறிந்தவையே.

இயலுமாயின் வீட்டார் ஒருவர் நாயின் அருகில் இருக்க வேண்டும். பழகிய குரலும் பழகிய கையும் அதன் அச்சத்தைத் தணிக்கும். குழந்தைகளிடம் “தூங்கப் போய்விட்டது” என்று பொய் கூறலாகாது. நோய் தீராதது, வலி பொறுக்க முடியாதது, ஆகவே மருத்துவர் உதவினார் என்று மெய்யையே அவர்கள் வயதுக்கேற்ற சொற்களில் கூற வேண்டும். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளிடமும் அவ்வாறே காலம் தாழ்த்தாமல் கூற வேண்டும்.

நாய் நலமாக இருக்கும்போதே இவற்றைப் பற்றி வீட்டில் ஒருமுறை பேசி வைப்பது நன்று. எவை இருந்தால் அதன் வாழ்வு வாழ்வாகும், எவை இல்லாமற்போனால் அன்று என்பதை அப்போது தெளிந்த மனத்துடன் எழுதிக்கொள்ளலாம். நோய் வந்த பின் அந்தத் தெளிவு நமக்கு இராது. இப்போது எங்கள் வீட்டில் நான்கு வயது நாயொன்று வளர்கிறது. அதைப் பற்றிய அத்தகைய குறிப்பொன்றை என் மகன் எழுதி, அதன் தடுப்பூசிப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறான். அக்குறிப்பின் கடைசி வரி, ‘எனக்காகக் காத்திருக்க வேண்டாம்’ என்பது.